ராமநாதபுரம் கடற்கரையில் சிப்பித் தோட்டம்: எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் உள்ள ஒரு கடலோர ஊரிலிருந்து, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சிலர் கேட்டிருக்கும் கேள்வி இது: "அமெரிக்காவில் இளைஞர்கள் கூண்டுகளில் சிப்பி வளர்த்துத் துறைமுகத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறார்களாம். எங்கள் ஊர் முகத்துவாரம் கலங்கி நாறிக் கிடக்கிறது. நாங்களும் செய்யலாமா? எந்தச் சிப்பி, எந்த இடம், யாரிடம் அனுமதி, பிறகு விற்க முடியுமா?"

செய்யலாம். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற பலன் ஒன்று, கிடைக்கப்போகிற பலன் வேறொன்று. நாறுகிற தண்ணீரைச் சிப்பி தனியாளாக நின்று சரிசெய்துவிடாது. சரியான இடத்தில், நம் கடலிலேயே பிறந்த இனத்தை வைத்து, கூடவே தண்ணீரை மாதம் தவறாமல் அளந்து எழுதி வந்தால், எந்த வாய்க்காலால் அந்த நாற்றம் வருகிறது என்று ஊருக்கும் அலுவலகத்துக்கும் கணக்கோடு காட்டலாம். இந்த வேலையில் பெரிய லாபமாக நான் நினைப்பது அதைத்தான்.

முதலில் அமெரிக்கக் கதை. செசபீக் விரிகுடாவில் ஒரு காலத்தில் சிப்பிகள் மலைமலையாகக் குவிந்து பார்களாகவே, அதாவது கடலடித் திட்டுகளாகவே, கிடந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றை வாரி வாரி எடுத்தார்கள். அப்புறம் நோய் வந்தது, மண் படிந்தது. இன்று பழைய அளவில் நூற்றில் ஒரு பங்கு போலத்தான் மிச்சம். அதனால் மேரிலாந்து மாநிலத்தில் 2008-இல் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். கரையோர வீட்டுக்காரர்கள் தங்கள் படகுத்துறையில் கூண்டைத் தொங்கவிட்டுக் குஞ்சுச் சிப்பிகளைச் சில மாதம் வளர்த்துக் கொடுப்பார்கள். அவை பிறகு மீன்பிடிப்புக்குத் தடை செய்யப்பட்ட பார்களில் விடப்படும். நியூயார்க்கில் கவர்னர்ஸ் தீவில் இருக்கும் துறைமுகப் பள்ளியோடு சேர்ந்து 2014-இல் தொடங்கியது 'பில்லியன் ஆய்ஸ்டர் புராஜெக்ட்'. 2035-க்குள் 100 கோடி சிப்பி என்பது இலக்கு. அங்கே பள்ளிப் பிள்ளைகள்தான் படகு ஓட்டுகிறார்கள், முங்குகிறார்கள், குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறார்கள். உணவகங்களில் சாப்பிட்டு எறிந்த ஓடுகளை வாங்கி வந்து, ஓராண்டு வெயிலில் காயப்போட்டு, அதன்மேல் குஞ்சை ஒட்டவைக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் தொலைத்ததைத் திருப்பி வைக்கிறார்கள் என்பது. அந்த இடங்களில் சிப்பிப் பார் முன்பே இருந்தது. நம் கரையில் எங்கே என்ன இருந்தது என்று கேட்காமல் கூண்டைத் தொங்கவிட்டால், நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கெடுதல் செய்துவிடுவோம்.

சிப்பி எப்படித் தண்ணீரைத் தெளியவைக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது செவுளால் தண்ணீரை இழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசிகளையும் துகள்களையும் சளியில் சிக்கவைக்கிறது. வேண்டியதைத் தின்கிறது. வேண்டாததை உருண்டையாக்கித் துப்புகிறது; அது அடியில் போய்ப் படிகிறது. தண்ணீரில் மிதந்தது அடிமண்ணுக்குப் போவதால் வெளிச்சம் ஆழமாக இறங்குகிறது. பாசியில் இருந்த நைட்ரஜனில் ஒரு பங்கு சிப்பியின் சதையிலும் ஓட்டிலும் சேர்கிறது. அடியில் படிந்ததில் ஒரு பங்கை மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்புகின்றன. இதெல்லாம் போக, சிப்பிக் கொத்தின் இடுக்குகளில் இறால் குஞ்சும் நண்டும் சின்ன மீன்களும் குடியேறும். என்னைக் கேட்டால் நம் ஊர்க்காரர்கள் கண்ணுக்கு முதலில் தெரியப்போகும் மாற்றம் அந்த மீன் குஞ்சுதான்.

சரி, எவ்வளவு சுத்தமாகும்? எல்லாரும் சொல்லும் கணக்கு, ஒரு வளர்ந்த சிப்பி நாளுக்கு 190 லிட்டர் வடிகட்டும் என்பது. அது அமெரிக்க இனத்துக்கு, எல்லாச் சூழலும் தோதாக அமைந்த நாளில் கிடைக்கும் உச்சக் கணக்கு. நாம் தாராளமாக 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 2,000 சிப்பி இருந்தால் நாளுக்கு 2 லட்சம் லிட்டர், அதாவது 200 கன மீட்டர். உங்கள் ஓடை 500 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் அதில் நிற்பது 25,000 கன மீட்டர். ஒரு தடவை முழுக்க வடிகட்ட 125 நாள் ஆகும். அதற்குள் ஏற்றமும் வற்றமும் அந்தத் தண்ணீரை எத்தனையோ தடவை மாற்றிவிட்டிருக்கும். சாக்கடை தினமும் வந்து கொட்டிக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசம். சிப்பி பிளாஸ்டிக் குப்பையை அகற்றாது. கழிவுநீரின் கிருமியை அழிக்காது, தன் உடம்பில் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ளும்.

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாக மாறி மீன் செத்து ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். சிப்பி இருந்தால் அது வராதா என்று கேட்கிறார்கள். கடலைப் பச்சையாக்கிய நாக்டிலூகா என்ற அந்த உயிரி 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். சிப்பியின் சாப்பாடு அதைவிட மிகமிகச் சின்னது. நாக்டிலூகா பெருகி அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் விழுந்துவிடும். சிங்கிள் தீவுப் பக்கம் பவளங்கள் செத்ததற்குக் காரணம் அதுதான். அந்த மாதிரி நாளில் உங்கள் கூண்டிலும் சாவு விழும். ஆகவே அதைக் காட்டி யாரிடமும் நிதி கேட்காதீர்கள்.

இனி இடம். இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தென்கடலில் பாம்பன் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். மண்டபம் கூட்டத்துத் தீவுகளும் கீழக்கரை கூட்டத்துத் தீவுகளும் நம் மாவட்டத்தை ஒட்டியவை. அங்கே பவளம், கடற்புல், சங்கு என்று ஏற்கெனவே ஒரு உலகம் இருக்கிறது. பவளத்துக்குத் தெளிந்த, சத்துக் குறைந்த தண்ணீர் போதும். சிப்பிக்கு நுண்பாசி மண்டிய தண்ணீர் வேண்டும். ஒன்றுக்கு ஏற்ற இடம் இன்னொன்றுக்கு ஆகாது. பூங்கா எல்லைக்குள் சிப்பித் தோட்டம் என்ற பேச்சே வேண்டாம்.

இங்கே நமக்கு ஒரு பாடம் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசியை 2000-த்தை ஒட்டி இந்தப் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்க ஆரம்பித்தார்கள். எத்தனையோ பெண்களுக்கு அது சோறு போட்டது, அதை மறுக்கவே முடியாது. ஆனால் 2008 வாக்கில் குருசடைத் தீவுப் பக்கம் அந்தப் பாசி உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதை முழுதாகப் பிடுங்கி எடுப்பது சாத்தியமில்லை என்று ஆனது. கடலில் ஒன்றை விடுவது சுலபம், திருப்பி எடுப்பது நம் கையில் இல்லை. அதனால் சொல்கிறேன்: வெளியூர்ச் சிப்பிக் குஞ்சு, ஜப்பான் இனம், அங்கிருந்து இங்கிருந்து என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். நம் கரையிலேயே தானாகப் பிறக்கும் குஞ்சைப் பிடித்தால் போதும்.

வடகடலில் கடற்புல் மேடுகள் உண்டு. அதன்மேலும் வைக்கக்கூடாது; கூண்டின் நிழலும் அடியில் படியும் கழிவும் புல்லைக் கொன்றுவிடும். மிச்சம் இருப்பது ஆற்று முகத்துவாரங்களும் அலையாத்திக் காட்டு ஓடைகளும். காரங்காட்டைப் பாருங்கள். அங்கே ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டில் படகுச் சுற்றுலா நடத்துகிறார்கள். ஊரும் துறையும் ஒரே இடத்தில் ஒத்துப்போக முடியும் என்பதற்கு மாவட்டத்துக்குள்ளேயே ஒரு சாட்சி. வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரையும் ஒரு வாய்ப்பு. ஆனால் வைகைத் தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுபோகும். மழை பெரிதாகப் பெய்த ஆண்டில்தான் மிச்சம் கடலுக்கு வரும். கோடையில் இப்படிப்பட்ட ஓடைகள் தேங்கி, கடல் நீரைவிடவும் உப்பு ஏறிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே வாரத்தில் நன்னீராகும். இந்த இரண்டில் எது நீண்டாலும் சிப்பி சாகும். உங்கள் ஓடை எந்த மாதிரி என்று அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

எந்தச் சிப்பி? முத்துச்சிப்பி வேண்டாம். அது ஆழமான தெளிந்த கடலில், பார்களில் வாழ்வது. கீழக்கரை முத்துக்குளிப்புப் பெருமை எல்லாருக்கும் மனதில் இருக்கும், முத்து வரும் என்று ஊரில் ஒருவர் கிளப்பிவிட்டால் போதும், திட்டம் அன்றே கெட்டது. உங்களுக்கு வேண்டியது கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் என்ற உணவுச் சிப்பி. கழிமுகங்களில், பாலத் தூண்களில், அலையாத்தி வேர்களில் ஒட்டிக்கொண்டு கையைக் கிழிக்குமே, அந்தக் குடும்பம்தான். உப்பு ஏறி இறங்குவதை ஓரளவு தாங்கும். பாறைகளில் ஒட்டும் சின்னப் பாறைச் சிப்பி வேறு இனம். அது மெதுவாக வளரும். முதலில் ஓடையைச் சுற்றி நடந்து இவற்றில் ஏதாவது உயிரோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அந்த ஓடை உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இனத்தை வளர்க்கும் முறை புதிதல்ல. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் 1970-களிலேயே இதை உருவாக்கிவிட்டது. அதே நிறுவனத்தின் தலைமையகம் முன்பு நம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. இன்றும் அங்கே மண்டல நிலையம் இயங்குகிறது. தூத்துக்குடி முறையைக் கேரளாவில் அஷ்டமுடிக் காயலில் மகளிர் குழுக்கள் எடுத்துக்கொண்டு நன்றாகச் செய்தார்கள். நம் பக்கம் அது ஊன்றவில்லை. தண்ணீரும் ஒரு காரணம், சிப்பி தின்னும் பழக்கம் இல்லாதது இன்னொரு காரணம்.

சிப்பி முட்டையும் விந்தும் தண்ணீரிலேயே கலக்கும். பிறக்கும் குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீந்தித் திரிந்துவிட்டுக் கெட்டியான ஓர் இடம் பார்த்து ஒட்டும். ஒட்டினால் ஒட்டினதுதான், அப்புறம் நகராது. அந்த இடத்தை நீங்கள் கொடுக்க வேண்டும். தூத்துக்குடியில் நாட்டு ஓட்டில் சுண்ணாம்பு பூசி அடுக்கினார்கள். சுண்ணாம்பு இருந்தால் குஞ்சைப் பிறகு சேதமில்லாமல் சுரண்டி எடுக்கலாம். இன்னொரு வழி, பழைய சிப்பி ஓடுகளில் துளை போட்டு நைலான் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவது. கயிறு ஒன்றுக்கு 5, 6 ஓடு, நடுவில் ஒரு சாண் இடைவெளி. இதை ரென் என்பார்கள். நியூயார்க் மாதிரி உணவக ஓடு நமக்குக் கிடைக்காது. கரையில் ஒதுங்கிய செத்த ஓடுகளைப் பொறுக்குங்கள். ஓட்டுக்காக உயிருள்ள சிப்பியைப் பெயர்க்கக்கூடாது, பவளக் கல்லைத் தொடவே கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கையில் வைத்திருந்தாலே வழக்கு.

குஞ்சு ஒட்டும் பருவம் ஆண்டுக்கு இரண்டு தடவை வரும், கோடையில் ஒன்று, மழைக்கு முன் ஒன்று. உங்கள் ஓடையில் எந்த மாதம் என்பதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மாதம் இரண்டு கயிறு வீதம் புதிதாகத் தொங்கவிட்டு எண்ணுவது. சீக்கிரம் போட்டுவிட்டால் சிப்பிக்கு முன் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டும் சின்ன ஓட்டுயிர்) வந்து இடம் பிடித்துவிடும். முதல் ஓராண்டு இதை மட்டும் செய்யுங்கள். கூண்டு, சட்டம், பதாகை, தொடக்க விழா எதுவும் வேண்டாம்.

அடுத்த ஆண்டு கூண்டுக்கு வரலாம். இரும்புக் கம்பியில் 40 சென்டிமீட்டர் சதுரம், 10 சென்டிமீட்டர் உயரத்தில் சட்டம் அடித்து, வலை கட்டி, தார் பூசினால் ஒரு கூண்டு. அதைச் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டிய பந்தலில் தொங்கவிட வேண்டும். சவுக்கை மரம் துளைக்கும் புழு ஓராண்டில் சல்லடையாக்கிவிடும், மாற்றத் தயாராக இருங்கள். அலையாத்தி மரத்தை வெட்டிக் கம்பு செய்யலாம் என்று யோசனை வந்தால் திட்டத்தையே கைவிடுவது நல்லது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூண்டைத் தூக்கிச் சேறு கழுவ வேண்டும், நண்டை எடுத்துப்போட வேண்டும். சிமேட்டியம் என்ற நத்தை ஒன்று இருக்கிறது. தூத்துக்குடிப் பண்ணைகளில் சிப்பிக்கு அதுதான் எமன். ஒரு கூண்டுக்குள் ஒன்று புகுந்தால் வரிசையாகக் காலி செய்துவிடும். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், அதற்குமுன் கூண்டுகளை ஓடையின் உள்பக்கம் இழுத்துவிட வேண்டும். எல்லாம் ஒத்துவந்தால் ஓராண்டுக்குள் 80 மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். கையுறையும் செருப்பும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். சிப்பி கிழித்த காயத்தில் கழிமுகத் தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்கும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும்.

அளக்கும் வேலையைச் சொன்னேனே, அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கறுப்பு வெள்ளை வட்டத் தட்டைக் கயிற்றில் இறக்கி எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தால் தெளிவு தெரிந்துவிடும். உப்பளவு காட்டும் கைக்கருவி ஒன்று, வெப்பமானி ஒன்று, ஆக்சிஜன் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கில் சிப்பி வளரும் கடல் நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டும். விடியற்காலையில் அளந்து பாருங்கள், பகலில் பாசி ஆக்சிஜன் விடுவதால் மதிய அளவு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். வாய்க்கால் கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, முகத்துவாரத்தில் ஒரு புள்ளி என்று மூன்று இடம் போதும். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வுக்கூடம் வேண்டும். தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, போய்க் கேளுங்கள். இந்தக் குறிப்பேடு இரண்டு ஆண்டு நிரம்பினால் கிராமசபையில் அதைத் தூக்கிப் போட்டு 'இந்த வாய்க்காலை என்ன செய்யப்போகிறீர்கள்' என்று கேட்கலாம். பாம்பன் கடல் ஓசை சமுதாய வானொலி 90.4-இல் மீனவர்களுக்காகவே நிகழ்ச்சி நடத்துகிறது. மாதம் ஒருமுறை உங்கள் அளவைச் சொல்ல இடம் கேட்டுப் பாருங்கள்.

ஊரில் யாரிடம் முதலில் பேசுவது என்றால், கரைவலை இழுப்பவர்களிடமும் அந்த ஓடையில் நண்டும் இறாலும் பிடிப்பவர்களிடமும். நீங்கள் நடும் கம்பு அவர்கள் வலையைக் கிழிக்கும். அவர்கள் சம்மதம் இல்லாத பந்தல் ஒரு ராத்திரிகூட நிற்காது, நிற்கவும் கூடாது. கிராமக் கமிட்டியில் இடத்தைக் காட்டி, கம்பு நுனியில் கொடி கட்டுவோம், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம் என்று எழுதிக் கொடுங்கள். அடுத்து, பெண்கள். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களில் லட்சுமி என்பவருக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. கடலை எடுக்கவும் தெரிந்து விடவும் தெரிந்த அக்காமார்கள் அவர்கள். உங்கள் ஊரிலும் அப்படி யாராவது இருப்பார்கள், கூட்டிக்கொள்ளுங்கள். பையன்களாகவே சேர்ந்து செய்யும் திட்டம் பரீட்சை வந்ததும் படுத்துவிடும். வளர்ந்த சிப்பிக்கு விடுமுறை கிடையாது.

அனுமதி விஷயம் சுருக்கமாக. அலையாத்திக் காடு காப்புக்காடாக இருந்தால் வனத்துறை. தண்ணீரில் கம்பு நடுவதற்கு மீன்வளத்துறை. வளர்ப்பு என்று வந்தால் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம். 2005-இல் வந்த அந்தச் சட்டம் 2023 திருத்தத்துக்குப் பின் சிப்பி வளர்ப்பையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. சில கயிறுகள் தொங்கவிட்டு எண்ணுவதற்கு இவ்வளவா என்று தோன்றும். கல்லூரி மூலமாக ஆய்வு என்று எழுதிக் கேட்டால் வழி சுலபமாகும்.

விற்பது, தின்பது பற்றி: நாறுகிற ஓடையில் வளர்ந்த சிப்பியைத் தின்னக்கூடாது, யாருக்கும் கொடுக்கக்கூடாது. நியூயார்க் துறைமுகத்துச் சிப்பியையும் யாரும் தின்பதில்லை. பண்ணைச் சிப்பியைக்கூடச் சுத்தமான, கிருமி நீக்கிய தண்ணீரில் ஒரு நாளாவது வைத்த பிறகுதான் சந்தைக்கு விடுவார்கள். வருமானம்தான் முக்கியம் என்றால் அது வேறு திட்டம், வேறு இடம், வேறு தண்ணீர். இரண்டையும் ஒரே பந்தலில் போடாதீர்கள். வளர்ந்தவற்றை அதே ஓடையில் சேறில்லாத கெட்டித் தரையில், பழைய ஓடுகளைக் குவித்து அதன்மேல் இறக்கிவிடுங்கள். வலை படாத இடமாகப் பார்த்து, இடத்தைக் கமிட்டிக்குக் காட்டிவிட்டு இறக்குங்கள்.

இப்போது புரட்டாசி வருவதற்குள் செய்ய முடிந்தது: ஓடையை நடந்து பார்த்து வரைபடம் போடுவது, வாய்க்கால்கள் எங்கே கலக்கின்றன என்று குறிப்பது, வட்டத் தட்டு ஒன்று செய்வது, கமிட்டியில் ஒரு தேதி கேட்பது. மண்டபம் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதும் கடிதத்தில் "சிப்பி வளர்க்க உதவி வேண்டும்" என்று எழுதாமல், "எங்கள் ஓடையில் சிப்பிக் குஞ்சு ஒட்டுகிறதா என்று பார்க்க விரும்புகிறோம், முறையைச் சொல்லித்தாருங்கள்" என்று எழுதுங்கள். அந்த மாதிரிக் கடிதத்துக்குத்தான் பதில் வரும்.